ஆடியில் காலியாக இருந்த மண்டபம்

மெல்பர்ன் நகரத்தில் யாருக்காவது பல் வலித்தால் மணி அடிப்பது சென்னை மேனாம்பேட்டில். பூபாலன் எடுப்பார். எந்தப் பக்கம், மேலா கீழா, சூடு பட்டால் வலிக்கிறதா குளிர்ச்சி பட்டால் வலிக்கிறதா என்று மிகுந்த அனுதாபத்துடன் ஆங்கிலத்தில் விசாரிப்பார். பிறகு வியாழக்கிழமை மூன்றரை மணிக்கு ஒரு டாக்டரைப் பார்க்க நேரம் குறித்துக் கொடுப்பார். அவருடைய கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று இரண்டு வருடமாக வலிக்கிறது. அதற்கு நேரம் குறிக்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

வயது நாற்பத்தேழு. இதற்கு முன்னால் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் டெஸ்பாட்ச் கிளார்க்காக இருந்தார். இருபது பவர் பிரஸ்கள் இரும்புத் தகட்டின் மேல் தொப்பு தொப்பென்று இறங்கும் கூடத்தின் மூலையில் உட்கார்ந்து, பதினெட்டு வருடம் வெளியூர் வாடிக்கையாளர்களிடம் ஃபோன் பேசியவர். பேசிப் பேசி அவர் குரலுக்கு ஒரு தெளிவு வந்தது. காது பாதி போனது. கம்பெனி மூடியபோது, வேலை தேடிப் போன இடத்தில் முதலாவதை மட்டும் சொன்னார். எனவே சத்தம் என்பது பூபாலனை ஒருபோதும் தொந்தரவு செய்ததில்லை. அது மெல்பர்னைத்தான் தொந்தரவு செய்தது.

பல் மருத்துவமனைகளுக்காக ஃபோன் எடுக்கும் அந்தக் கம்பெனிக்கு அம்பத்தூரிலேயே ஓர் அலுவலகம் இருந்தது. கொரோனா வந்து எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிய சமயத்தில், அலுவலகம் மட்டும் ஹைதராபாத்துக்குப் போய்விட்டது. 2022-இல் ஒவ்வொருவராக அங்கே கூப்பிட்டார்கள். பூபாலன் வீட்டிலிருந்தே பார்க்கிறேன் என்று எழுதிக் கொடுத்தார். மனைவி மைதிலி முகப்பேரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். அவளால் வேலையை விட்டுவிட்டு வர முடியாது. ஹைதராபாத் என்றால் அவர் தனியாகப் போக வேண்டும். நாற்பத்தேழு வயதில் ஓர் ஆண்கள் விடுதியில், இருபத்து மூன்று வயதுக்காரர்கள் இருவர் படுத்த அறையில், மூன்றாவது கட்டிலில் படுக்க வேண்டும். அந்தக் கட்டிலை அவர் பார்த்ததில்லை. ஆனாலும் அதன் கம்பி எந்த இடத்தில் முதுகில் குத்தும் என்பதுவரை அவருக்குத் தெரிந்திருந்தது.

வீட்டிலிருந்தே வேலை செய்ய ஒரே ஒரு நிபந்தனை. காலை எட்டரையிலிருந்து மாலை மூன்றரை வரை, அவர் குரலைத் தவிர வேறு எதுவும் ஃபோனில் கேட்கக் கூடாது.

அந்த நேரத்தில் வீட்டில் அவரைத் தவிர யாருமே இல்லை என்பதால் இது சுலபம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் மேனாம்பேட்டில் ஒரு வீட்டின் சத்தம் அந்த வீட்டிலிருந்து வருவதில்லை. பக்கத்து வீட்டு நாகவல்லியின் சமையலறைக்கும் பூபாலனின் மேஜைக்கும் நடுவில் இருப்பது ஒன்றரை அடி சந்து. அவள் கொண்டைக்கடலைக்கு ஏழு விசில் வைப்பவள். முதல் புகார் அதுதான்: ரயில் நிலையத்தில் உட்கார்ந்து என் பல்லைப் பற்றிப் பேசாதீர்கள் என்று ஒரு பெரியவர் எழுதியிருந்தார். இரண்டாவது, சோபா செட் ரிப்பேர் செய்வதாக ஸ்பீக்கரில் அறிவித்தபடி தெருவுக்குள் வந்து, சரியாக இவர் வாசலில் பஞ்சராகி நின்ற குட்டி யானை வண்டி. மூன்றாவது ஆடி மாதம்.

ஆடி பிறந்த அன்றே தெருமுனை அம்மன் கோயில்காரர்கள் இவர் வீட்டுக்கு எதிர்க் கம்பத்தில் ஒரு குழாய் ஸ்பீக்கரைக் கட்டினார்கள். கோயில் கமிட்டித் தலைவர் கஜபதி எதிர்வீட்டுக்காரர். பூபாலன் அவரிடம் போய் நின்றார்.

“அண்ணாத்தே, பகல்ல மட்டும் கொஞ்சம் கம்மி பண்ணிக்கலாமா? வேலை போயிரும்போல கீது.”

“கம்மி பண்றதா? ஆடி மாசத்துல அம்மனுக்கே வாய மூடுன்றியா நைனா?”

“மூட வாணாம். அந்தப் பக்கம் திருப்பி வைங்க.”

கஜபதி நல்ல மனிதர். திருப்பி வைத்தார். மறுநாள் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து சண்டை போடவில்லை. அம்மன் தங்களைப் பார்த்துவிட்டாள் என்று மகிழ்ந்தார்கள். அதனால் இந்தப் பக்கத்துக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். ஸ்பீக்கர் பழைய இடத்துக்குத் திரும்பியது.

அன்று மாலை ஹைதராபாத்திலிருந்து பவித்ரா பேசினாள். அவள் பூபாலனுடைய டீம் லீடர், வயது இருபத்தாறு. அவர் மேல் உண்மையான பரிவு உள்ளவள். அது அவரை இன்னும் பயமுறுத்தியது.

“சார், இது மூணாவது கம்ப்ளெயின்ட். நானும் எவ்ளோதான் கவர் பண்றது? ஆடிட் வச்சுட்டாங்க.”

“என்ன ஆடிட்டும்மா?”

“ஒரு நாள், மூணு மணி நேரம், மெல்பர்ன்ல ஒரு மேடம் உங்க கால்ஸ லைவ்வா கேப்பாங்க. பின்னாடி ஒரு சத்தம் வந்துச்சுன்னா ஹைதராபாத். வரலன்னா நீங்க அங்கயே இருக்கலாம். இருபத்தொன்பதாம் தேதி வெள்ளிக்கிழமை ஒரு ஸ்லாட் இருக்கு. போட்டுரட்டுமா? போட்டா மாத்த முடியாது சார்.”

“ரெண்டு நாள் டைம் கொடும்மா. இடம் பாத்துட்டுச் சொல்றேன்.”

இடம் பார்ப்பது என்றால், வேறு ஊர்களில் ஆட்கள் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு ஒரு கஃபேக்குப் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள் என்று பூபாலன் கேள்விப்பட்டிருந்தார். முகப்பேரில் மைதிலியின் பள்ளிக்குப் பின்னால் அப்படி ஒன்று திறந்திருந்தது. சுவரில் இரண்டு நியான் இறக்கைகள். அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். ஒரு ஊஞ்சல். பிளக் பாயின்ட் ஒன்றே ஒன்று, ஏ.சி.க்குப் பக்கத்தில், கூரையை ஒட்டி.

பூபாலன் ஒரு ஃபில்டர் காபி கேட்டார். இல்லை என்றார்கள். இருப்பதில் எது அதற்குக் கிட்டத்தில் இருக்கும் என்று கேட்டு அதை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கடை முதலாளி ஸ்ரீநாத், முப்பது வயது, தாடி வைத்தவன், வந்து மேஜையில் இருந்த மடிக்கணினியைப் பார்த்தான். பாம்பைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தான்.

“சார், தப்பா நினைக்காதீங்க. இதைப் பாக்கக் கூடாதுன்னுதான் நான் ஐ.டி. வேலையை விட்டுட்டு இந்தக் கடையை வச்சேன்.”

“ஒரு ஓரமா இருந்துக்கறேன் தம்பி. பாட்ட மட்டும் கொஞ்சம் நிறுத்தினா…”

“நிறுத்த முடியாது சார்.” ஸ்ரீநாத் குனிந்து குரலைத் தாழ்த்தினான். “சுத்திப் பாருங்க.”

பூபாலன் சுற்றிப் பார்த்தார். ஆறு மேஜைகளில் ஆறு ஜோடிகள், தலையோடு தலை சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“பாட்ட நிறுத்தினா ஒருத்தர் பேசறது ஒருத்தருக்குக் கேட்டுரும். அப்புறம் எவனும் வரமாட்டான். நீங்க சத்தம் இல்லாத இடம் தேடறீங்க. இவங்க சத்தத்துக்குள்ள ஒளிய எடம் தேடி வர்றாங்க.”

பூபாலன் எழுந்தபோது பதினோராவது நிமிடம். அப்போது ஒரு பிறந்தநாள் கோஷ்டி உள்ளே வந்து, கேக் வெட்டுவதற்கு முன்பே நுரையை அடிக்கத் தொடங்கியது. கொஞ்சம் நுரை அவர் சட்டையிலும் பட்டது. ஹேப்பி பர்த்டே அங்கிள் என்று யாரோ சொன்னார்கள்.

அடுத்து நூலகம். அம்பத்தூரில் ஓசையே இல்லாத இடம் அதுதான். ஆனால் ஓசை இல்லாததற்குக் காரணம் அங்கே யாரும் பேசக் கூடாது என்பது. இவர் வேலையே பேசுவது. பேசலாம் என்ற இடங்களில் எல்லாரும் பேசுகிறார்கள், யாரும் பேசாத இடத்தில் இவரும் பேச முடியாது. அதற்கும் அடுத்து, எஸ்டேட்டில் கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் ஃபோன் பேசுவதற்கென்றே கூண்டுகள் வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனார். கூண்டுகள் உண்மைதான். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒருவர் நின்றுகொண்டு, மீன் தொட்டி மீன்போல வாயசைத்துக்கொண்டிருந்தார். ஆகஸ்ட் கடைசி வரை காலி இல்லை என்றார்கள்.

வெளியே வந்து வண்டியைக் கிளப்பும்போது முதுகில் ஒரு அறை விழுந்தது. “இன்னா மாமே, இந்தப் பக்கம்?”

லட்சுமணன். பழைய பிரஸ் ஷாப்பில் டைம் கீப்பராக இருந்தவர். இப்போது பூந்தமல்லி கரையான்சாவடியில் ஒரு ஏ.சி. மினி ஹாலுக்கு மேனேஜர். டீக்கடையில் நின்றபடி பூபாலன் தன் கதையைச் சொன்னார். லட்சுமணன் முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“இதுக்காடா ஊரெல்லாம் சுத்திகினு கீற? எங்க ஹாலுக்கு வா. ஆடி மாசம்பா. எவன் கல்யாணம் வப்பான்? கூட்டிப் பெருக்கறதுக்குக்கூட ஆள் வர்ல. நானும் அங்க பல்லிங்களும்தான் கீறோம். வந்து குந்திகினு வேலையப் பாரு.”

பூபாலனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இந்த மாதம் அம்மன்களை எல்லாம் தெருவுக்குக் கொண்டுவந்து ஸ்பீக்கர் கட்டியது. அதே மாதம் கல்யாண மண்டபங்களை எல்லாம் காலி செய்து பூட்டி வைத்தது. ஒரு கையால் எடுத்ததை இன்னொரு கையால் கொடுத்திருக்கிறது. அங்கேயே பவித்ராவைக் கூப்பிட்டு, “போட்டுரும்மா, வெள்ளிக்கிழமை” என்றார். கரையான்சாவடி முகவரியையும் கொடுத்தார்.

திங்கள் முதல் வியாழன் வரை நான்கு நாள் அவர் வாழ்க்கையில் அப்படி ஓர் அமைதியைக் கண்டதில்லை. முதல் நாள் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்தார். இருநூறு காலி நாற்காலிகள் அவரைப் பார்த்திருந்தன. ஆனால் அங்கே எதிரொலி; சர்ச்சிலிருந்து பேசுகிறீர்களா என்று ஓர் அம்மாள் கேட்டாள். மறுநாள் மணமகன் அறைக்கு மாறினார். சுவரோரம் மெத்தைகள் அடுக்கியிருந்தன, எதிரொலி போனது. அலங்கார விளக்குகள் வைத்த பெரிய கண்ணாடி முன்னால் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, மாப்பிள்ளை உட்கார வேண்டிய நாற்காலியில் அமர்ந்து, வேர்ச் சிகிச்சைகளுக்கு நேரம் குறித்தார். மைதிலி இரவில், “மூஞ்சில ஒரு களை வந்திருக்கு” என்றாள்.

வெள்ளிக்கிழமை, ஆடி வெள்ளி. திருவேற்காட்டு அம்மன் கோயில் பக்கம் கூட்டம் இருக்கும் என்று சுற்றுவழியில் வந்து, எட்டு மணிக்கு மண்டப வாசலில் வண்டியை நிறுத்தினார். வாசலில் ரோஜாப்பூ வளைவு. உள்ளே நாற்காலிகளுக்கு வெள்ளை உறை. பின்பக்கத்திலிருந்து வந்தது விறகுப் புகை, அதற்குள்ளே பட்டை, கிராம்பு, நெய். பிரியாணி வேகும் வாசனையை அடையாளம் தெரியாதவர் அல்ல பூபாலன்.

லட்சுமணன் தலையில் கை வைத்தபடி வந்தார்.

“மன்னிச்சுக்க மாமே. ஓனர் நேரா ஃபோன்ல புக்கிங் எடுத்துட்டாரு. பாய் ஊட்டுக் கல்யாணம். ஞாயித்துக்கெழம மொகரம் பொறக்குதாம், பொறந்துட்டா அவங்களும் வக்க மாட்டாங்களாம், அதுக்குள்ள முடிக்கணும்னு அவசர அவசரமா வச்சுட்டாங்க.”

“உங்கிட்ட சொல்லலியா?”

“டைரில எழுதிட்டுப் போயிருக்காரு. ஆடில எவன்யா டைரியத் தொறப்பான்?”

கோபித்துக்கொள்ளப் பூபாலனுக்கு உரிமை இல்லை. பூந்தமல்லியில் படித்தவர் அவர். வகுப்பில் பாதிப் பேர் முஸ்லிம் பிள்ளைகள். முப்பது வருடமாக எத்தனையோ ஆடி மாதத்தில் இதே கரையான்சாவடியில் கல்யாண பிரியாணி சாப்பிட்டிருக்கிறார். சென்ற வாரம் அவரும் லட்சுமணனும் டீக்கடையில் நின்று, ஆடியில் எவன் கல்யாணம் வைப்பான் என்று பேசியபோது, அந்தப் பிரியாணிகளில் ஒன்றுகூட இருவருக்கும் நினைவுக்கு வரவில்லை.

மணமகன் அறையில் மணமகன் இருந்தான். மணமகள் அறையைக் கேட்பது நாகரிகம் இல்லை. வீட்டுக்குத் திரும்பலாம் என்றால், ஆடி வெள்ளிக்குக் கஜபதியின் ஸ்பீக்கர் விடியற்காலையிலேயே வேலையைத் தொடங்கியிருக்கும். பவித்ராவிடம் தேதியை மாற்றச் சொல்ல முடியாது. மணி எட்டு இருபது.

“ஒரே ஒரு எடம் கீது,” என்றார் லட்சுமணன். “ஸ்டோர் ரூம். சாப்பாட்டு ஹாலுக்குப் பின்னாடி, நடுவுல ரெண்டு கதவு. ஜன்னலே கெடையாது. மாவாட்டற மெஷினுக்குப் பிளக் கீது. ஆனா சாவி எங்கிட்ட இல்ல.”

கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளையைவிட முக்கியமான ஆள் ஒருவர் உண்டு. ஸ்டோர் ரூம் சாவி யாரிடம் இருக்கிறதோ அவர். எந்த மதத்துக் கல்யாணமானாலும் இது மாறுவதில்லை. குடும்பத்திலேயே யாருக்கும் பயப்படாத, எல்லாரும் பயப்படும் ஒருவரைப் பொறுக்கி அந்தச் சாவியைக் கொடுப்பார்கள். இங்கே அது பெண்ணின் தகப்பனார் ஹபிபுல்லாவின் அக்கா குல்ஷன். அறுபது வயது. பட்டுப் புடவையின் இடுப்பில், வெள்ளிச் சாவிக்கொத்து. ஸ்டோர் ரூம் வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

பூபாலன் கைகட்டி நின்று சொன்னார். மெல்பர்ன், பல், மூன்று புகார், ஹைதராபாத். குல்ஷன் குறுக்கே பேசாமல் கேட்டார்.

“ஐதராபாத்தா?” என்றார் கடைசியில். “எம் மவனும் ரெண்டு மாசம்னுதான் போனான். நாலு வருசம் ஆவுது. இன்னிக்கிக்கூட வர்ல, லீவு இல்லியாம். சரி, உள்ள குந்து தம்பி. ஆனா கதவப் பூட்டிக்குவேன்.”

“பூட்டிக்குவீங்களா?”

“பின்ன? தொறந்து போட்டா ஆளாளுக்குப் பூந்து அள்ளிகினு போவாங்க. எங்க நாத்தனார் ஊட்டுக் கல்யாணத்துல இருவது கிலோ பேரீச்சம்பழம், நிக்காஹ் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே காணாமப் போச்சு. அதெல்லாம் என் தம்பி ஊட்ல நடக்காது.”

“பன்னெண்டரை வரைக்கும் தொறக்கக் கூடாதும்மா.”

“அதெப்படி? நிக்காஹ் பதினொன்றரைக்கு முடியும். முடிஞ்ச நிமிசம் பேரீச்சம்பழமும் கல்கண்டும் கொடுத்தாவணும். அது உள்ளதான் கீது.”

“இப்பவே வெளிய எடுத்து வச்சிடலாமே?”

குல்ஷன் அவரை மேலும் கீழும் பார்த்தார். எடுத்து வைத்தால் என்ன ஆகும் என்பதைத்தானே இவ்வளவு நேரம் சொன்னோம் என்ற பார்வை.

“உனக்கு நாங்க வர்றது பிரச்சனையா, சத்தம் வர்றது பிரச்சனையா?”

“சத்தம்தாம்மா.”

“அத நான் பாத்துக்கறேன். நீ போ.”

அறை பத்தடிக்கு எட்டடி. ஒரு பக்கம் மீந்த அரிசி மூட்டைகள், வெங்காய மூட்டைகள். இன்னொரு பக்கம் தண்ணீர் பாட்டில் கட்டுகள். மூன்றாவது பக்கம் பேரீச்சம்பழப் பெட்டிகள் கூரைவரை. கவிழ்த்துப் போட்ட ஒரு அண்டா மேல் மடிக்கணினியை வைத்து, அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தார். கதவு சாத்தப்பட்டது. சாவி திரும்பியது. பூபாலன் எழுந்து ஒரு தரம் கதவை இழுத்துப் பார்த்தார். அது திறக்காது என்று தெரிந்துதான் இழுத்தார்.

திரும்பி வந்து உட்கார்ந்ததும் ஒன்றைக் கவனித்தார். வெளியில் மைக் டெஸ்ட் நடக்கிறது. அது இங்கே கேட்கவில்லை. பாதிக் காதை நம்ப முடியாது என்று மைதிலிக்கு ஃபோன் போட்டு, “எதனா சத்தம் கேக்குதா?” என்றார். “உங்க மூச்சு கேக்குது,” என்றாள் மைதிலி. “ஏன் இப்படி வாங்கறீங்க?”

ஒன்பதரைக்கு ஆடிட் தொடங்கியது. ஆடிட்டர் அம்மாள் வணக்கம் சொல்லிவிட்டு, தான் இருப்பதையே மறந்துவிடும்படி கேட்டுக்கொண்டு மௌனமானாள். அதிலிருந்து அவளைத் தவிர வேறு எதையும் பூபாலனால் நினைக்க முடியவில்லை. ஒரு ஈறு வீக்கம். ஒரு குழந்தைக்கு முதல் பரிசோதனை. நேரத்தை ரத்து செய்துவிட்டுப் பத்து நிமிடம் மன்னிப்புக் கேட்ட ஒருவர். ஃபேன் போட்டால் சத்தம் என்று போடவில்லை. பதினோரு மணிக்குச் சட்டை உடம்போடு ஒட்டிவிட்டது. தண்ணீர் பாட்டில்கள் நானூறு இருந்தன. மூடியைத் திறந்தால் சடக்கென்று கேட்கும் என்று ஒன்றைக்கூடத் தொடவில்லை.

பதினொன்று நாற்பதுக்கு, பல் செட்டைத் தோட்டத்தில் தொலைத்துவிட்ட ஒரு மூதாட்டி லைனில் வந்தாள். நாய் எடுத்திருக்கும் என்பது அவள் சந்தேகம். பூபாலன் புதிய செட்டுக்கு அளவெடுக்க நேரம் தேடிக்கொண்டிருந்தபோது, எதிரே பூட்டுக்குள் சாவி நுழைவதைப் பார்த்தார். கேட்கவில்லை, பார்த்தார். அதில் எண்ணெய் விட்டிருந்தார்கள்.

கதவு ஓர் ஆள் அளவுக்குத் திறந்தது. குல்ஷன் உள்ளே வந்தார், வெறுங்காலோடு, உதட்டில் விரலோடு. அவர் பின்னால் ஏழு பெண்கள், ஜரிகையும் சம்கியுமாக, வரிசையாக. அத்தனை பேர் கையிலும் முழங்கைவரை கண்ணாடி வளையல். அத்தனை வளையல் மேலும் ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கியிருந்தது. கொலுசுகள் இல்லை. கடைசியாக வந்தவள் அப்பாலிருந்த இரண்டாவது கதவைச் சாத்திவிட்டு, இந்தக் கதவைத் தன் முதுகாலேயே தாங்கிக்கொண்டு நின்றாள்.

பெட்டிகள் கைமாறி, இரண்டு கதவுக்கும் நடுவில் இறங்கின. முதல் பெண் எடுத்து இரண்டாமவளிடம், அவள் மூன்றாமவளிடம். யாரும் கால் மாற்றி வைக்கவில்லை. நடுவில் ஒருத்தி, மருதாணிக் கைக்காரி, பூபாலன் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து நாயின் பெயரை ஆங்கிலத்தில் விசாரிப்பதைப் பார்த்துவிட்டுத் தோள் குலுங்கத் தொடங்கினாள். குல்ஷன் திரும்பிப் பார்த்தார். தோள் நின்றது. ஒரு பெட்டியின் அடி பிரிந்து பழங்கள் கொட்டப் போயின. மூன்று பேர் முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டார்கள். அந்த அறையில் ஒன்பது பேர் இருந்தார்கள். வெளியே நானூறு பேர் வாய் இனிப்புக்குக் காத்திருந்தார்கள்.

பூபாலனுக்கு வார்த்தை வரவில்லை. ஒரு விநாடி, இரண்டு விநாடி. மூதாட்டி கேட்டாள்: ஒரு சத்தத்தையும் காணோமே, நீங்கள் இருக்கிறீர்களா, இல்லை, என்னை விட்டுவிட்டுப் போய்விட்டீர்களா?

“இங்கேதான் இருக்கிறேன், மேடம்,” என்றார் பூபாலன் ஆங்கிலத்தில். “வேறு எங்கேயும் போக முடியாது.”

அதற்குள் கடைசிப் பெட்டியும் போய்விட்டது. கதவு மூடியது, சாவி திரும்பியது.

பன்னிரண்டரைக்கு ஆடிட் முடிந்தது. பன்னிரண்டு ஐம்பதுக்குப் பவித்ரா கூப்பிட்டாள்.

“சார், பாஸ். மேடம் என்ன எழுதியிருக்காங்க தெரியுமா? இதுவரைக்கும் கேட்டதுலயே அமைதியான இடமாம். மத்தவங்களுக்கு உதாரணமாக் காட்டச் சொல்லியிருக்காங்க.”

“ரொம்ப தேங்க்ஸும்மா.” அவர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். “அப்ப ஹைதராபாத் இல்ல.”

“இல்ல சார். அந்த இடத்தையே சிஸ்டத்துல ஃபிக்ஸ் பண்ணிட்டோம். கரையான்சாவடி. இனிமே தினம் லாகின் அங்கேருந்துதான் வரணும்.”

பூபாலன் கண்ணைத் திறந்தார். “மேனாம்பேட்லேருந்து பண்ணினா?”

“அது புகார் வந்த இடம் சார். பாஸான இடம் இதுதானே. வேற எங்கேருந்தாவது வந்தா சிஸ்டமே காட்டிக் கொடுத்துரும், அப்புறம் நேரா ஹைதராபாத்தான். உங்களுக்கு என்ன சார் கவலை? அவ்ளோ அமைதியான இடம் வச்சிருக்கீங்க.”

பள்ளியில் மதிய இடைவேளை. மைதிலி அழைத்தாள்.

“என்ன ஆச்சு?”

“பாஸ்.”

“அப்பாடா. பிள்ளையாருக்கு வேண்டியிருந்தேன். சாயங்காலம் சீக்கிரம் வாங்க, கோயிலுக்குப் போயிட்டு வரலாம்.” அவர் ‘ம்’ என்று மட்டும் சொல்லவே, “ஏன் ஒரு மாதிரி இருக்கீங்க?” என்றாள்.

அவர் சொன்னார். மைதிலி கணக்கு டீச்சர். அவள் நாட்களை முணுமுணுத்து எண்ணுவது ஃபோனில் கேட்டது.

“இன்னும் பத்தொன்பது நாள்ல ஆவணி,” என்றாள். “முகூர்த்தம் வரிசையா இருக்கு. எங்க ஸ்கூல்லயே மூணு டீச்சருங்க வீட்டுக் கல்யாணம், அதுல ரெண்டு பூந்தமல்லி.”

“தெரியும்.”

“தினம் ஒரு மேளம் வாசிப்பான்.”

“மேளம் இந்த ரூமுக்குள்ள கேக்காது.”

“அப்ப ஒவ்வொரு கல்யாணத்துக்கும் போய் அந்த ரூமுக்குள்ள உக்காருவீங்களா?”

“சாவி வச்சிருக்கறவங்க யாருன்னு முன்னாடியே விசாரிச்சுக்கணும்,” என்றார் பூபாலன். அதை அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. கரையான்சாவடியில் ஆவணியில் யார் யார் வீட்டில் கல்யாணம், அந்த வீடுகளில் யாருக்கும் பயப்படாத அத்தை யார், அவள் காலையில் காபியா டீயா என்பதை எல்லாம் லட்சுமணனை விட்டு விசாரிக்கச் சொல்ல வேண்டும் என்று மனத்துக்குள் குறித்துக்கொண்டிருந்தார்.

ஒன்றேகாலுக்குக் கதவு திறந்தது. இந்த முறை சத்தத்தோடு. குல்ஷனுக்குப் பின்னால், அத்தர் மணக்க, ஹபிபுல்லா நின்றார். மகளைக் கொடுத்துவிட்ட தகப்பனின் முகம். கூடத்தின் இரைச்சல் மொத்தமும் அவர்கள் தோளுக்கு மேலாக உள்ளே பாய்ந்தது. அது பூபாலனுக்கு இதமாகவே இருந்தது. பழைய பிரஸ் ஷாப்புக்குள் நுழைந்ததுபோல் இருந்தது.

“வாங்க சார், நம்ம வீட்டுக் கல்யாணம், சாப்பிடாம இருக்கக் கூடாது,” என்றார் ஹபிபுல்லா.

“சாப்பாடு ஆறுது, எழுந்துரு தம்பி,” என்றார் குல்ஷன். “எல்லாம் முடிஞ்சிதா?”

“முடிஞ்சிதும்மா. பாஸ் பண்ணிட்டேன்.”

“அல்ஹம்துலில்லாஹ். அப்புறம் இன்னும் ஏன் அங்கயே குந்திகினு கீற?”

பூபாலன் மடிக்கணினியைப் பார்த்தார். திரையில் அடுத்த அழைப்பு மின்னிக்கொண்டிருந்தது. மெல்பர்னில் யாருக்கோ எங்கோ வலிக்கத் தொடங்கியிருந்தது.

“ஷிப்ட் மூன்றரை வரைக்கும் கீதும்மா.”

குல்ஷன் ஹபிபுல்லாவைப் பார்த்தார். பிறகு பூபாலனை. இடுப்புச் சாவியைக் கையில் எடுத்தார்.

“அப்ப பூட்டட்டா?”

“பூட்டிடுங்க,” என்றார் பூபாலன்.